சீனக் கவசமும் ஐரோப்பியக் கவசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன வரலாற்றுத் தொடர்கள், போர் விளையாட்டுகள், அருங்காட்சியகப் படங்கள் என்று பார்த்துவிட்டுப் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "இரண்டில் எது உசத்தி?" அதற்குப் பதில் சொல்வதை விட, ஒவ்வொரு ஊரிலும் கவசம் எப்படிப் பிறந்தது, யார் கொடுத்தார்கள், யார் அணிந்தார்கள் என்று பார்ப்பது எவ்வளவோ சுவையானது. சில ஆண்டுகளாக இதையே படித்துக்கொண்டிருப்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வாசிக்கும் வசதிக்காகச் சீன அரச மரபுகளின் காலம்: சின் (கி.மு. 221–206), ஹான் (கி.மு. 206 – கி.பி. 220), தாங் (618–907), சோங் (960–1279), மிங் (1368–1644), சிங் (1644–1912). முதலில் வரும் சின், கடைசியில் வரும் சிங் இரண்டுக்கும் நடுவே சுமார் 1,850 ஆண்டு இடைவெளி உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் எல்லாமே குழம்பிவிடும்.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

சீனாவில் சின்னச் சின்னத் தகடுகளைக் கோத்தார்கள், ஐரோப்பாவில் பெரிய தகடுகளை வளைத்தார்கள் என்பதுதான் வழக்கமான பதில். தப்பில்லை. ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: கவசம் யாருடைய சொத்து? இதற்கு விடை தெரிந்தால் மீதி வேறுபாடுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஹான் காலத் தளபதி ஜோ யாஃபுவின் கதையைப் பாருங்கள். கி.மு. 154இல் ஏழு சிற்றரசுகள் சேர்ந்து செய்த கிளர்ச்சியை அடக்கி, பேரரசையே காப்பாற்றியவர். பிறகு தலைமை அமைச்சராகவும் இருந்தார். அவருக்கு வயதானபோது, ஈமச்சடங்கில் உடன் புதைப்பதற்காக அவருடைய மகன் அரசுப் பட்டறையிலிருந்து 500 கவசங்களும் கேடயங்களும் வாங்கினான். சுமந்து வந்த கூலியாட்களுக்குப் பேசிய பணத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் போய்ப் புகார் செய்துவிட்டார்கள். கிழவர் மேல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டு வந்தது. "புதைக்கிற பொருள்தானே, இதில் என்ன கிளர்ச்சி?" என்று கேட்டதற்கு, "நீங்கள் பூமிக்கு மேல் கிளர்ச்சி செய்யாவிட்டாலும் பூமிக்கு அடியில் செய்யப் பார்க்கிறீர்கள்" என்றாராம் விசாரணை அதிகாரி. ஜோ யாஃபு ஐந்து நாள் உண்ணாமல் கிடந்து, இரத்தம் கக்கிச் சிறையிலேயே இறந்தார். கி.மு. 143.

எண்ணூறு ஆண்டு கழித்து வந்த தாங் சட்டத் தொகுப்பும் இதே நோக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வில், அம்பு, வாள், கேடயம், குட்டை ஈட்டி ஆகியவற்றைக் குடிமகன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கவசம் கூடாது. ஒன்று வைத்திருந்தால் நாடு கடத்தல். மூன்று வைத்திருந்தால் கழுத்தை நெரித்துக் கொலை. வாளை அனுமதித்துவிட்டுக் கவசத்தைத் தடுப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். யோசித்தால் சரிதான்: வாள் வைத்திருப்பவன் திருடனைத் துரத்தலாம், நூறு பேருக்குக் கவசம் வைத்திருப்பவன் படை திரட்டுகிறான்.

இனி இங்கிலாந்துக்கு வாருங்கள். 1181இல் இரண்டாம் ஹென்றி ஓர் ஆணை போட்டார். நிலமானியம் பெற்ற ஒவ்வொரு வீரனும் சங்கிலிக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி வைத்திருந்தே ஆக வேண்டும். 16 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) சொத்துள்ள சுதந்திரக் குடிமகனுக்கும் அதே கட்டளை. 10 மார்க் உள்ளவனுக்குச் சின்ன சங்கிலிச் சட்டை. நகரவாசிகளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. அதை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. இறந்தால் வாரிசுக்குப் போக வேண்டும்.

அங்கே வைத்திருந்தால் நாடு கடத்தலோ மரண தண்டனையோ, இங்கே வைத்திருக்காவிட்டால் குற்றம். பின்னால் வரும் பல பதில்களில் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்.

சீனக் கவசம் எப்படிச் செய்யப்பட்டது?

இரண்டாயிரம் ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. ஆனால் நெடுங்காலம் ஆட்சி செய்தது சில்லுக் கவசம்: தோலிலோ இரும்பிலோ வெட்டிய சிறு சில்லுகளில் துளையிட்டு, வாரால் அல்லது கயிற்றால் ஒன்றோடொன்று கோத்துச் செய்வது. கீழே துணியோ தோலோ இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சில்லுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். துணிமேல் செதில்களை வைத்துத் தைக்கும் செதில் கவசம் இதிலிருந்து வேறு.

பழைய கவசங்கள் தோலால் ஆனவை. 1978இல் ஹூபெய் மாநிலத்தில் தோண்டப்பட்ட ஸெங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறையில் (கி.மு. 433 அளவில்) அரக்குப் பூசிய தோல் கவசங்கள் மனிதனுக்கும் குதிரைக்குமாகக் கிடைத்தன. ஹான் காலத்தில் இரும்பு முன்னுக்கு வந்தது.

நெருங்கிப் பார்க்க நல்ல இடம் சியான் அருகே 1974இல் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட சுடுமண் படை. ஒரு சாதாரண வீரனின் மார்பை உற்றுப் பாருங்கள். மார்புப் பகுதியில் மேல் வரிசைச் சில்லு கீழ் வரிசையின் மேல் படிகிறது. வயிற்றுக்கு வந்ததும் முறை மாறி, கீழ் வரிசை மேல் வரிசையின் மேல் ஏறுகிறது. அவன் குனியும்போது வயிற்றுச் சில்லுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா, அதற்காக. களிமண்ணில் சிலை வடித்தவர்கள் இந்தச் சின்ன நுணுக்கத்தைக் கூட விடவில்லை. தளபதி உருவங்களில் சில்லுகள் மீன் செதில் அளவுக்குச் சிறுத்து, மார்பில் நாடா முடிச்சுகள் தொங்கும். ஆக, சில்லின் அளவைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிடலாம்.

ஒருமுறை தடித்த அட்டையில் நாற்பது சில்லு வெட்டி, கோணூசியும் சணல் கயிறும் வைத்துக் கோத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் பலகை போல விறைப்பாக நின்றது, மேலும் கீழுமாகத் தூக்கினால் கோரைப்பாய் போலச் சுருண்டது. ஒரு சில்லு கிழிந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது.

ஐரோப்பாவில் இரும்பு உடுப்பு போன்ற முழுக் கவசம் எப்போது வந்தது?

பலர் நினைப்பதை விடத் தாமதமாக. ரோமானியர்களிடம் வளைத்த இரும்புப் பட்டைகளால் ஆன மார்புக் கவசம் இருந்தது, சங்கிலிக் கவசமும் இருந்தது. பிறகு பல நூறு ஆண்டுகளுக்குச் சங்கிலிதான் ராஜா. இரும்பு வளையங்களைப் பல்லாயிரக்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, முனைகளைச் சின்ன ரிவிட் வைத்து அடித்து மூடுவார்கள்.

14ஆம் நூற்றாண்டில்தான் முழங்கால், முழங்கை, மார்பு என்று பகுதி பகுதியாகத் தகடு ஏறியது. 15ஆம் நூற்றாண்டில் உச்சி முதல் பாதம் வரை மூடும் கவசம் முழுமை பெற்றது. மிலான் நகரமும் தென் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க், நியூரம்பெர்க் நகரங்களும் இதில் பேர்போனவை. திறமையெல்லாம் மூட்டுகளில் இருக்கிறது: ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பட்டைகள், உள்ளே தோல் வார்கள், சற்றே நீண்ட துளைக்குள் நகரும் ரிவிட்கள். உள்ளே அணியும் பஞ்சுச் சட்டையில் நாடாக்கள் இருக்கும். கை, கால் தகடுகளை அவற்றில்தான் கட்டித் தொங்கவிடுவார்கள். அளவு சரியாக இருந்தால் எடை உடம்பெங்கும் பிரிந்துவிடும். பணமுள்ளவர் தம் உடம்புக்கு அளவெடுத்துச் செய்துகொண்டார். அது அவருடைய சொந்தச் சொத்து என்பதால்தான் அந்தச் செலவு செய்ய மனம் வந்தது.

எது அதிக எடை?

ஐரோப்பியத் தகட்டுக் கவசம்தான் என்று எல்லாரும் பந்தயம் கட்டுவார்கள். எண்களைப் பாருங்கள். போர்க்களத் தகட்டுக் கவசம் முழுவதுமாக 20 முதல் 25 கிலோ. சங்கிலிச் சட்டை மட்டும் 10 கிலோவும் அதற்குச் சற்று மேலும். குதிரைமேல் ஈட்டி மோதும் பந்தயத்துக்கான தனிக் கவசங்கள் இதைவிடக் கனம். அவை விளையாட்டுக் கருவிகள், போருக்கு அல்ல.

சீனாவில், ஹான் இளவரசர் லியூ ஷெங்கின் (இறப்பு கி.மு. 113) கல்லறையில் கிடைத்த இரும்புக் கவசத்தில் 2,859 சில்லுகள், எடை ஏறக்குறைய 17 கிலோ. ஆனால் சோங் காலத்துக் காலாட்படைக் கவசத்தைப் பாருங்கள். 1134இல் அரசு வகுத்த அளவு: தோள், கைக்கு 504 சில்லு, உடலுக்கு 332, தொடைப் பாவாடைக்கு 679, தலைக்கவசத்தின் கழுத்துத் திரைக்கு 310. கூட்டினால் 1,825. கோக்கும் தோல் வாரின் எடையைக் கூடத் தனியாகக் குறித்து, மொத்தம் 50 ஜின்னை (ஜின் என்பது சீன எடை அளவு) தாண்டக் கூடாது என்று கட்டளை. இன்றைய கணக்கில் சுமார் 30 கிலோ. ஆக, நடந்தே போன சீனக் காலாள், குதிரையில் போன ஐரோப்பிய வீரனை விட அதிகம் சுமந்தான். "தாண்டக் கூடாது" என்று ஆணை போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் இன்னும் கனமாகச் செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்.

கவசம் போட்ட ஐரோப்பிய வீரரைப் பாரந்தூக்கி வைத்துக் குதிரையில் ஏற்றினார்களா?

இல்லை. நவீன காலத்துக் கற்பனை, திரைப்படங்கள் பரப்பியது. பூசிக்கோ என்று அறியப்பட்ட பிரெஞ்சுத் தளபதி (1366–1421) கவசத்தோடு குட்டிக்கரணம் அடிப்பார், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கமாகக் கைகளாலேயே ஏறுவார் என்று அவர் காலத்து வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கீழே விழுந்த கவச வீரன் ஆமை போலக் கிடப்பான் என்பதும் பொய்.

அதற்காக எளிது என்று சொல்லிவிடவும் முடியாது. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகல் கவசங்களை மாட்டி ஆட்களை ஓடுபட்டையில் நடக்கவும் ஓடவும் விட்டார்கள். நடப்பதற்கு இரு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவானது. ஒவ்வொரு அடிக்கும் காலோடு சேர்த்து இரும்பையும் வீச வேண்டும். மார்புத் தகடு இறுக்குவதால் மூச்சை ஆழமாக இழுக்கவும் முடியாது. குட்டி குட்டியாக இழுத்தார்கள். சோங் காலாளுக்கும் தொடைமேல் 679 சில்லு தொங்கியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சீனர்கள் ஏன் முழுத் தகட்டுக் கவசம் செய்யவில்லை? தொழில்நுட்பம் இல்லையா?

இந்தக் கேள்வி கேட்கப்படும் தொனி எனக்கு எப்போதும் வருத்தம் தரும். ஐரோப்பாவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே, ஊதுலை வைத்து இரும்பை உருக்கி வார்த்த நாடு அது. இரும்பு தெரியாமல் இல்லை.

தேவை வேறாக இருந்தது. அரசுக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டும். ஆள் மாறுவான், இன்று ஒருவன் போட்டதை நாளை இன்னொருவன் போடுவான். சில்லுக் கவசத்தை வார் இறுக்கியும் தளர்த்தியும் பல உடம்புக்குப் பொருத்தலாம். சில்லு அடிக்கப் பெரிய கைவினைஞர் வேண்டியதில்லை. ஒருவர் வெட்ட, ஒருவர் துளையிட, ஒருவர் தேய்க்க, ஒருவர் கோக்க என்று பிரித்துக்கொடுத்துவிடலாம். 504, 332, 679, 310 என்று எண்ணி எழுதும் அரசுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. போர்க்களத்தில் சிதறியதைப் பொறுக்கி வந்து மறுபடி கோக்கலாம்.

கூடவே எதிரியும் வேறு. வடக்கே புல்வெளிக் குதிரை வில்லாளிகள். அம்பு மழைக்கு அடுக்கடுக்கான சில்லு நன்றாகவே தாங்கும். ஐரோப்பாவில் கனத்த ஈட்டி தாங்கிய குதிரைப்படையின் நேர் மோதலும், பிறகு எஃகுக் குறுக்குவில்லும் சேர்ந்து வழவழப்பான பெரிய தகட்டை நோக்கித் தள்ளின.

சங்கிலிக் கவசம் சீனாவில் இருந்ததா?

இருந்தது, மேற்கிலிருந்து வந்த பொருளாக. 718இல் சமர்கந்து அரசு தாங் அவைக்கு அதைக் காணிக்கையாக அனுப்பியது. தாங் நிர்வாக நூல் 13 வகைக் கவசங்களைப் பட்டியலிடுகிறது. சங்கிலி அதில் ஒன்று. ஆனால் சில்லுக் கவசத்தை அது ஒருபோதும் இடம்பெயர்க்கவில்லை.

காகிதத்தில் கவசம் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 9ஆம் நூற்றாண்டில் ஷூ ஷாங் என்ற தாங் அதிகாரி காகிதத்தை மடித்து மடித்துக் கவசம் செய்தார் என்றும், வலுவான அம்பும் அதைத் துளைக்கவில்லை என்றும் தாங் வரலாறு பதிந்திருக்கிறது. 1040இல் சோங் அரசு தென்பகுதிகளிடம் 30,000 காகிதக் கவசங்கள் செய்யச் சொல்லி ஆணையிட்டது. நம் வீட்டுக் காகிதத்தை மனதில் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாது. அது மரப்பட்டை நாரில் செய்த காகிதம். பல அடுக்கு சேர்த்துத் தைத்தால் துணிக்கும் மரத்துக்கும் இடையிலான ஒன்றாகிவிடும். எடை குறைவு, துருப்பிடிக்காது, நடந்துபோகும் தென்னாட்டு வீரனுக்குத் தோது.

மிங் காலப் பஞ்சுக் கவசத்தின் செய்முறை இன்னும் அழகு. ஏழு ஜின் (நான்கு கிலோவுக்குச் சற்று மேல்) பஞ்சைத் துணிக்குள் வைத்து, தடித்த நூலால் குறுக்கும் நெடுக்கும் தைத்து, தண்ணீரில் ஊறவைத்து, தரையில் விரித்துக் காலால் மிதித்து, உப்பாமல் தட்டையான பிறகு வெயிலில் காயவைப்பார்கள். மழையில் கனக்காது, துப்பாக்கிக் குண்டும் பெரிதாகக் காயப்படுத்தாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது, 15ஆம் நூற்றாண்டு பிரான்சில் பதினோராம் லூயி தம் வீரர்களுக்கு 25, 30 மடிப்புத் துணியும் ஒரு மான்தோலும் சேர்த்துத் தைத்த சட்டை போதும் என்று வகுத்தது நினைவுக்கு வந்தது. உலகின் இரு கோடிகளில் ஏழை வீரனைக் காப்பாற்றியது தையல் ஊசிதான்.

சிங் காலக் கவசத்தில் இரும்பே தெரியவில்லையே, வெறும் துணியும் ஆணியும்தானா?

இரும்புத் தகடுகள் உள்பக்கம் இருக்கும். வெளியே தெரியும் வட்டக் குமிழ்கள், அந்தத் தகடுகளைத் துணியோடு பிணைக்கும் ரிவிட் தலைகள். மிங் காலத்திலும் சிங் காலத்திலும் பரவலாக இருந்த வகை இது. குளிரிலும் வெயிலிலும் இரும்பு நேரடியாகப் படாது, மழையில் துருவும் குறையும்.

ஐரோப்பாவிலும் இதே யோசனை உண்டு. 1361 ஜூலையில், பால்டிக் கடலின் கோத்லாந்து தீவில் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே டென்மார்க் அரசர் வால்தெமாரின் படை உள்ளூர் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. பிணங்களைப் பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள். பலர் கவசத்தோடேயே புதைந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளோடு, துணிக்கடியில் இரும்புத் தகடு பிணைத்த கவசங்கள் இருபதுக்கும் மேல் வந்தன. அவற்றில் ஒன்று ஆசியப் பாணிச் சில்லுக் கவசம். யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி, ஒரு ஸ்வீடன் தீவு விவசாயியின் மார்புக்கு அது வந்து சேர்ந்ததோ! கவசங்களுக்குத் தேசிய எல்லை தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

தொடர்களில் வரும் மூன்று கிளைச் சில்லுக் கவசம் உண்மையானதா?

"மலை வடிவக் கவசம்" என்பார்கள். ஃ எழுத்தின் மூன்று புள்ளிகளையும் நடுவில் கோடிட்டு இணைத்தால் வருமே, அந்த வடிவம் அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கும். கோயில் காவல் சிலைகளிலும் ஓவியங்களிலும் ஏராளம். தாங் பட்டியலில் பெயரும் இருக்கிறது. ஆனால் ஓர் அசல் கவசமும் கிடைத்ததில்லை. சங்கிலிக் கவசத்தைக் கல்லில் காட்டச் சிற்பிகள் கையாண்ட உத்தி என்கிறார்கள் சிலர். துணிமேல் தைத்த உண்மையான சில்லு என்கிறார்கள் வேறு சிலர். கடையில் விற்கும் நகல்கள் எல்லாம் ஊகம். பார்த்து ரசிக்கலாம், ஆதாரமாகக் காட்டக் கூடாது.

பழங்காலப் படைகள் சீருடை அணிந்தனவா?

நாம் நினைக்கும் பொருளில் இல்லை. சுடுமண் வீரர்கள் முதலில் பச்சை, சிவப்பு, ஊதா, நீலம் என்று வண்ணம் பூசப்பட்டு நின்றவர்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்களே வேறு வேறு நிறச் சட்டை. கவசம் ஒன்று போல, உடுப்பு பலவிதம். ஏன்?

விடை ஒரு கடிதத்தில் இருக்கிறது. ஹூபெய் மாநிலம் ஷுய்ஹுதியில் 1975–76இல் திறந்த ஒரு கல்லறையில், சின் படையில் இருந்த ஹெய்ஃபு, ஜிங் என்ற அண்ணன் தம்பி வீட்டுக்கு எழுதிய மர ஓலைகள் கிடைத்தன. கி.மு. 223 அளவில் எழுதியவை. ஹெய்ஃபு சொல்கிறான்: அம்மா, ஊரில் துணி மலிவாக இருந்தால் கோடைச் சட்டை தைத்துப் பணத்தோடு அனுப்பு, விலை கூடுதல் என்றால் பணத்தை மட்டும் அனுப்பு, நான் இங்கே வாங்கித் தைத்துக்கொள்கிறேன். தம்பி ஜிங்குக்குக் கடன் வேறு. ஐந்நூறு அறுநூறு காசும் நல்ல துணியும் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து அனுப்பாவிட்டால் செத்தேன் என்று எழுதி, "அவசரம், அவசரம், அவசரம்" என்று முடிக்கிறான். கவசம் அரசுடையது, சட்டை அம்மா கொடுத்தது.

முந்நூறு ஆண்டு தள்ளி, பிரிட்டனின் வட எல்லையில் விந்தொலாந்தா ரோமானியக் கோட்டையில் கிடைத்த மெல்லிய மரத்தகட்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் வீரனுக்கு எழுதுகிறார்: காலுறைகள், இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பியிருக்கிறேன். ரோமானிய வீரனுக்கோ கவசமும் பெரும்பாலும் சொந்தக் கணக்கு. சம்பளத்தில் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும். தலைக்கவசங்களில் சொந்தக்காரர் பெயரைக் குத்தி வைத்திருப்பார்கள். ஒரே தலைக்கவசத்தில் இரண்டு மூன்று பெயர் இருந்தால், கைமாறியிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் சீருடை எப்போது தொடங்கியது?

இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில். மஞ்சூரியாவில், பின்னாளைய சிங் மரபுக்கு அடித்தளமிட்ட நூர்ஹாச்சி 1601இல் தம் மக்களை மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம் என்று நான்கு கொடிப் படைகளாக வகுத்தார். 1615இல் கரை வைத்த கொடிகளும் சேர்ந்து எட்டு ஆயின. சிவப்புக்கு வெள்ளைக் கரை, மற்ற மூன்றுக்கும் சிவப்புக் கரை. கவசத்தின் நிறமே படையின் பெயர். கொடி என்பது போர்ப் பிரிவு மட்டும் இல்லை. பெண்டு பிள்ளை எல்லாரும் அதில் பதிவான குடும்பங்கள்.

இங்கிலாந்தில் 1645இல் நாடாளுமன்றம் அமைத்த புதிய மாதிரிப் படை ஒட்டுமொத்தமாகச் சிவப்பு மேலங்கி போட்டது. அடுத்த நூறு ஆண்டில் பிரஷ்யாவுக்கு நீலம், ஆஸ்திரியாவுக்கு வெள்ளை, ரஷ்யாவுக்குப் பச்சை என்று ஐரோப்பா முழுக்க நிறம் பிரிந்தது. அரசு சம்பளம் கொடுத்து, உடையும் கொடுத்து, நிரந்தரப் படை வைக்கத் தொடங்கியதுதான் காரணம். பழைய சீனக் கிடங்கு முறை அங்கே இப்போதுதான் வந்து சேர்ந்தது.

பிரிட்டிஷ்காரர் சிவப்பு அணிந்தது இரத்தக்கறை தெரியாமலிருக்கவா?

இல்லை. சிவப்புத் துணியில் காய்ந்த இரத்தம் கறுப்பாக நன்றாகவே தெரியும். மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் மலிவு, அவ்வளவுதான். வெடிமருந்துப் புகை மண்டிய களத்தில் தன் ஆளை அடையாளம் காணவும் உதவியது.

புகையில்லா வெடிமருந்தும் தொலைதூரத் துப்பாக்கியும் வந்த பிறகு பளிச்சென்ற நிறம் ஆளையே காட்டிக்கொடுத்தது. அதற்கு முன்பே, 1840களின் பிற்பகுதியில், பெஷாவர் பக்கம் ஒரு படைப்பிரிவுக்குத் தூசி நிறத்தில் உடை கொடுத்தார்கள். தூசிக்குப் பாரசீகத்தில் "காக்" என்பார்கள். நாம் தினமும் சொல்லும் காக்கி அங்கிருந்து வந்ததுதான்.

சிங் வீரர்களின் மார்பில் உள்ள வட்டம் என்ன?

வெள்ளை வட்டத்துக்குள் ஒரே எழுத்து. "பிங்" என்றிருந்தால் நிரந்தரப் படைவீரன். "யோங்", அதாவது துணிவு, என்றிருந்தால் தற்காலிகமாகத் திரட்டப்பட்டவன். சுடுவதற்குக் குறி போட்டுக் கொடுத்தது போல இருக்கிறது என்று வெளிநாட்டவர் எழுதினார்கள். ஆனால் அதன் வேலை, யார் எந்தப் படை என்று சொல்வது. ஐரோப்பியத் தோள்பட்டை எண்கள் செய்த அதே வேலை.

புலி வேஷம் போட்ட வீரர்கள் நிஜமாகவே இருந்தார்களா?

ஆம். பிரம்புக் கேடயம் தாங்கியவர்கள், மஞ்சளில் கறுப்பு வரி போட்ட உடையும் காது வைத்த தொப்பியும் அணிந்தார்கள். 1793இல் பிரிட்டனிலிருந்து வந்த மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு வந்த ஓவியர் வில்லியம் அலெக்சாண்டர் அவர்களை வரைந்திருக்கிறார். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அதே நூற்றாண்டுவரை இறகுச் சட்டங்களும் சிறுத்தைத் தோலுமாகக் குதிரையேறிய போலந்து வீரர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். எதிரியின் குதிரையை மிரள வைப்பதும் ஒரு கலை.

இரண்டும் போரில் நேருக்கு நேர் மோதியதுண்டா?

ரோமானியரும் ஹான் படையும் மோதியதாகச் சொல்வதற்குச் சான்று இல்லை. மிகப் பெரிய மோதல் என்றால் 1840–42 அபினிப் போரைச் சொல்லலாம். அதற்குள் காலம் மாறிவிட்டது. சீன வீரர்கள் பெரும்பாலும் பருத்திச் சட்டையில்தான் நின்றார்கள்.

அந்தப் போரில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். 1841 மே 30 அன்று, கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி ஊரருகே, சென்னை மாகாணப் படையின் 37ஆம் காலாட்பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி கொட்டும் மழையில் வழிதவறியது. உடம்பில் கும்பினியின் கம்பளிச் சிவப்பு மேலங்கி. கையில் சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி போடும் துப்பாக்கி. மருந்து நனைந்ததும் அது வெறும் தடியானது. ஈட்டியும் மண்வெட்டியுமாகச் சுற்றி வளைத்தார்கள் கிராமத்து மக்கள். சதுரமாக நின்று துப்பாக்கி முனைக் கத்தியாலேயே தாக்குப்பிடித்தார்கள் சிப்பாய்கள். கடைசியில், நனைந்தாலும் வெடிக்கும் புது வகைத் துப்பாக்கியோடு தேடி வந்த கடற்படை வீரர்கள் மீட்டார்கள். இன்றும் சீனப் பாடங்களில் சான்யுவான்லி மக்களின் வீரமாகவே சொல்லப்படுகிறது, அதுவும் நியாயம்தான். சதுரத்துக்குள் நின்றவர்களின் பெயர் மட்டும் எந்தப் பக்கத்துப் பாடத்திலும் இல்லை.

துப்பாக்கிதான் கவசத்தை ஒழித்ததா?

மெதுவாக. முதலில் ஐரோப்பியர் மார்புத் தகட்டைத் தடிப்பாக்கினார்கள். எடையைச் சமாளிக்க கால், கைத் தகடுகளைக் கழற்றினார்கள். குண்டு சுட்டுச் சோதித்த பள்ளம் பல மார்புத் தகடுகளில் இருக்கும். அது பழுதில்லை, தரச் சான்று. 1815 வாட்டர்லூவிலும் பிரெஞ்சுக் கனரகக் குதிரைப்படை மார்புக் கவசத்தோடுதான் போனது. ஃபோவோ என்ற இளைஞரின் கவசம் பாரிஸ் இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்பக்கம் பீரங்கிக் குண்டு நுழைந்து முதுகு வழியே போன ஓட்டைக்குள் ஒரு கையை முழுதாக விடலாம்.

சிங் சீனாவில் கவசம் சடங்குக்கு நகர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் பேரரசர் சியான்லுங் பெரும் அணிவகுப்புக்காக ஹாங்ஜோவில் செய்வித்த ஆயிரக்கணக்கான கவசங்களில் பித்தளைக் குமிழ் உண்டு, உள்ளே தகடு கிடையாது. 1900இல் பெய்ஜிங்கைக் கொள்ளையடித்த அந்நியப் படைகள் அள்ளிச் சென்றவற்றில் இவையும் அடக்கம். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் "சீனக் கவசம்" என்று இருப்பவற்றில் பல இப்படிப்பட்டவை. அவற்றைப் பார்த்துவிட்டுச் சீனர் துணியைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இத்தனை அசல் கவசங்கள், சீனாவில் ஏன் இவ்வளவு குறைவு?

தொடக்கத்தில் சொன்ன சொத்துக் கணக்குதான் இங்கும். ஐரோப்பாவில் கவசம் குடும்பத்தின் பெருமை. பாட்டனார் போட்டதைக் கூடத்தில் நிறுத்தி வைத்தார்கள். சீனாவில் வீட்டில் வைத்திருந்தால் தலை போகும். கிடங்கில் கிடந்ததோ அரச மரபு மாறும்போது எரிந்தது, உருக்கப்பட்டது, வார் இற்றுச் சிதறியது. மிஞ்சியவை பெரும்பாலும் கல்லறையில் இருந்து வந்தவை. அதிலும் இரும்பு மண்ணில் துருவாகிக் கட்டிதட்டிப் போயிருக்கும். லியூ ஷெங்கின் 2,859 சில்லுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துத்தான் மறுபடி கோத்தார்கள்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது?

சியானில் சுடுமண் படை. அதோடு நின்றுவிடாமல், 1998இல் அங்கேயே கண்டெடுத்த கல் கவசங்களையும் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லைச் சில்லு சில்லாகச் சீவி, செப்புக் கம்பியால் கோத்தது. மறுபடி கோத்த ஒன்றில் 612 சில்லு, 18 கிலோ. போருக்கு உதவாது, விழுந்தால் உடையும். செத்த பேரரசருக்குக் காவல் நிற்க மட்டும். ஸெங் கோமானின் தோல் கவசத்துக்கு வூஹானில் உள்ள ஹூபெய் மாநில அருங்காட்சியகம்.

ஐரோப்பாவில் ஓரிடம்தான் போக முடியும் என்றால் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம். 1640களில் துருக்கியரை எதிர்க்க மாகாணம் கட்டிய ஆயுதக் கிடங்கு, இன்றும் 32,000 பொருள்களோடு அதே கட்டடத்தில், மரச் சட்டங்களில் வரிசை வரிசையாக. 1749இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா அதைக் கலைக்கச் சொன்னபோது, எங்கள் முன்னோர் நினைவாக விட்டுவிடுங்கள் என்று மாகாணத்தார் கேட்டுக்கொண்டார்கள். அரசரின் பளபளக்கும் கவசத்தை வேறு எங்கும் பார்க்கலாம். இங்கே இருப்பது பேர் தெரியாத காலாளுக்கு எடுத்துக் கொடுத்தது: கறுப்புத் தகடு, அளவு பொருந்தாத தோள், அடுத்தவன் வந்து வாங்கிக்கொள்ளக் காத்திருப்பது போலத் தொங்கும் தோல் வார்கள்.